ஒரே வாய்க்காலின் பங்காளிகள்

ஆங்கிலத்தில் போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ என்னும் சொல் இலத்தீனின் ‘ரீவாலிஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையிலிருந்து நீர் எடுத்துக்கொள்ளும் அயலவர்களையே ரோமானியச் சட்டம் அப்பெயரால் அழைத்தது. தமிழில் இதற்கு மிக நெருக்கமான சொல் ‘எதிரி’ அன்று, ‘பங்காளி’. வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் பங்காளியோடுதான் வரும். அவன் வீட்டுச் சாவுக்குத் தீட்டுக் காக்க வேண்டியவனும் பங்காளியே. ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று ஒரு மனநோய்க்கே பெயர் வைத்திருக்கிறது தமிழ்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உண்மையைக் கண்டடைந்துள்ளன. பகிர்ந்துகொள்ள ஏதுமில்லாத இடத்தில் பகை தோன்றலாம், போட்டி தோன்றாது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அந்த ஆட்டத்தில், அயலூர்க் கல்லூரிகளுக்கு இடையிலான நூற்றாண்டுப் போட்டிகள் சில அண்மைக்காலத்தில் நின்றுபோயின. அவை நின்றதற்குக் காரணம் பகை முற்றியது அன்று, பங்கு பிரிந்தது.

முதலில் நின்றுபோகாத ஒன்றைப் பார்க்கலாம். பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை ஆற்றின் கரையில் பெத்லகேம், ஈஸ்டன் என்னும் இரு நகரங்கள் உள்ளன. இடைத்தொலைவு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஈஸ்டனில் 1826இல் நிறுவப்பட்ட லாஃபயெட் கல்லூரியும், பெத்லகேமில் இரயில்பாதை முதலாளி ஏசா பாக்கர் 1865இல் நிறுவிய லீஹை பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருளிலேயே இவை ஒரே நீரின் பங்காளிகள்.

இவ்விரு அணிகளும் 1884இல் முதன்முறை மோதின. லாஃபயெட் 50–0 என வென்றது. தொடக்கக் காலத்தில் ஆண்டுக்கு இருமுறை ஆடினர். 1891இல் மும்முறை ஆடினர். 2014இல் நியூயார்க்கின் யாங்கி அரங்கில் 48,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் 150ஆவது ஆட்டம் நடந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இத்தனை முறை மோதிய வேறு இரு அணிகள் இல்லை.

இந்த நெடிய தொடரில் 1896 மட்டும் வெற்றிடம். பணம் பெற்றுப் பேஸ்பால் ஆடிய ஒருவர் லாஃபயெட்டின் மாணவர் அணியில் ஆடலாமா என்ற வழக்கு எழுந்தது. லீஹை களமிறங்க மறுத்தது. அது சாதாரண மறுப்பன்று. அவ்வாண்டு லாஃபயெட் நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்று. ஆயினும் அடுத்த ஆண்டே ஆட்டம் மீண்டது. நீரடித்து நீர் விலகாது என்பது பங்காளிகளைப் பற்றிய பழமொழிதானே.

அதன்பின் அப்பள்ளத்தாக்கில் மாறாதது எதுவுமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, தொலைதூரப் பயணம் அரிதான 1943, 1944 ஆகிய ஆண்டுகளில், இவ்விரு அணிகளும் மீண்டும் இருமுறை ஆடின. பெத்லகேமுக்கு உலகப் புகழ் தந்த எஃகு ஆலையின் ஊதுலைகள் 1995இல் அணைந்தன. 2001இல் அந்நிறுவனம் திவாலானது. பெருந்தொற்றால் 2020இன் இலையுதிர்காலப் பருவம் இரத்தானபோது ஆட்டம் 2021 ஏப்ரலில் நடந்தது. ஆலை போயிற்று, ஆட்டம் நின்றது.

இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. வென்றவர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கிச் செல்வது நெடுங்காலம் இங்கே வழக்கமாக இருந்தது. பங்காளிச் சண்டையில் நாகரிகம் எப்போதும் முன்வரிசையில் நிற்பதில்லை. ஆனால் அச்சண்டைக்கு அடியில் ஓர் உடன்பாடு உண்டு: அடுத்த ஆண்டும் இருவரும் வருவோம் என்பது.

அந்த உடன்பாடு முறிந்த கதை ஓக்லஹோமாவில் உள்ளது. ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமும் 1904இல் முதன்முறை மோதின. அன்று காற்று பந்தைப் பின்னோக்கித் தள்ளி அருகிலிருந்த ஓடையில் வீழ்த்தியது. இரு அணி வீரர்களும் உறைகுளிர் நீரில் குதித்துப் பந்தைத் தேடினர். ஓக்லஹோமா வீரர் ஒருவர் அதைக் கைப்பற்றிக் கரையேறிப் புள்ளி சேர்த்தார். ஓடையில் பிறந்த சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது அரிது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் 2023 நவம்பரில் நடந்தது. 2024இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொலைக்காட்சி வருவாய் மிகுந்த தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறியது. பிரிந்தபின் இரு பக்கத்து நிரலிலும் அந்த ஆட்டத்திற்கு இடமில்லை.

டெக்சாஸிலும் இதுவே நேர்ந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 2011க்குப் பின் ஆடவில்லை. இரண்டும் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்த பிறகே, 2024இல், மீண்டும் களம் கண்டன. மாறாக, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்புக்குச் சென்றபோது இணைந்தே சென்றன. புவியியலைக் கேலி செய்யும் இடப்பெயர்வு அது. மாணவ வீரர்கள் கண்டம் கடந்து பறக்க வேண்டியுள்ளது. எனினும் பங்காளிகள் பிரியாததால் அவர்களுடைய ஆட்டம் பிழைத்தது.

ஒரு மறுப்பு இங்கே எழும். லீஹையும் லாஃபயெட்டும் சிறிய நிறுவனங்கள். விலை பேச யாரும் வராததால் விலைபோகவில்லை என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால் யாங்கி அரங்கு அவர்களுக்கும் திறந்தது. அங்கே இருவரும் சேர்ந்தே சென்றனர், மறு ஆண்டு சேர்ந்தே ஊர் திரும்பினர். 1986இல் புதிய கூட்டமைப்பு உருவானபோதும் இரண்டும் அதன் நிறுவன உறுப்பினர்களாயின. சிறுமை அவர்களைக் காத்தது பாதி. சேர்ந்து முடிவெடுத்தது மீதிப் பாதி.

ஆட்டக்காரர்கள் இன்று பணம் பெறுவதும் இங்கே குற்றமன்று. பெருவருவாயை ஈட்டித்தந்த இளைஞர்களுக்கு நெடுங்காலம் பங்கு மறுக்கப்பட்டதே அநீதி. குற்றம் வேறிடத்தில் உள்ளது. இருவருக்கும் பொதுவான ஒன்றைப் பங்காளியைக் கேளாமல் ஒருவர் மட்டும் விற்பதே அது. நூறாண்டுகளாக இரு ஊர்களும், அங்கே படித்த தலைமுறைகளும் சேர்த்துவைத்த ஆட்டம் ஒரு பல்கலைக்கழகத்தின் தனிச்சொத்து ஆகாது. எந்தக் கூட்டமைப்பில் இருந்தாலும் அயலூரோடு ஆண்டுக்கொருமுறை ஆடியே தீர்வது என இரு நிறுவனங்களும் நெடுங்கால ஒப்பந்தம் எழுதிக்கொள்ளட்டும். தொலைக்காட்சியோடு பல்லாண்டு ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது இயலாத காரியமன்று.

மேல்மடைக்காரன் தன் பங்கு நீரை வேண்டிய பயிருக்குப் பாய்ச்சலாம். வாய்க்காலையே விற்க அவனுக்கு உரிமையில்லை.