தலையெழுத்தல்ல, படிக்கக்கூடிய எழுத்து!

"நுரையீரலில் புற்று" என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், வீடே விளக்கணைந்தாற்போலாகிவிடுகிறது. "எல்லாம் தலையெழுத்து" என்கிறார் கிழவர். "முன்வினைப் பயன்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பக்தர். பீடியைத் தொட்டறியாத பெண்ணுக்கும் இந்த நோய் வருகிறதே, அது ஏன் என்று கேட்டால் இருவரும் வானத்தைப் பார்க்கிறார்கள். விஞ்ஞானம் வானத்தைப் பார்க்கவில்லை; கட்டியை வெட்டியெடுத்துப் பார்த்தது. விடையும் கண்டது. அந்த விடை பாட்டாளியின் வீட்டுக்கு வந்து சேரவேண்டுமே என்பதுதான் நமது கவலை.

எழுத்து உண்டு, தோழர்களே! ஆனால் அது தலையில் இல்லை. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மரபணு என்ற எழுத்து இருக்கிறது. எப்போது பெருகுவது, எப்போது நிற்பது என்று அதுவே கட்டளையிடுகிறது. நுரையீரலின் ஓர் உயிரணுவில், ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் பிழை புகுந்தால், "பெருகு, பெருகு" என்ற கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. விசை சிக்கிக்கொண்டு நிற்க மறுக்கும் மில் இயந்திரம் போல! இந்தப் பிழை பெரும்பாலும் பெற்றோர் தந்ததல்ல, வாழ்நாளில் நேர்வது. புகைப்பவரைவிடப் புகைக்காதவரின் கட்டியிலேயே இது அதிகம் காணப்படுகிறது.

சிக்கிய விசையை அடைத்து நிறுத்தும் மாத்திரை ஒன்று வந்தது, பெயர் கெஃபிட்டினிப். 2002இல் ஜப்பானிலும், 2003இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சிலர் படுக்கையைவிட்டு எழுந்தனர், பலருக்குப் பலனில்லை. ஏன் இந்தப் பேதம்? 2004இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் காரணம் கண்டனர்: எழுந்தவர்களின் கட்டியில் அந்தப் பிழை இருந்தது!

பிறகு, ஆசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் நடந்த 'ஐபாஸ்' ஆராய்ச்சியின் முடிவு 2009இல் வெளிவந்தது. பிழை இருந்தவர்களில், மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 71 பேருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ ஏற்றிக்கொண்டோரில் 47 பேருக்கு. பிழை இல்லாதவர்களிலோ, கீமோவால் 23 பேருக்குப் பலன். மாத்திரையால் நூற்றுக்கு ஒரே ஒருவருக்கு! அதே மாத்திரைதான். ஒருவருக்கு அமுது, மற்றவருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று பிரித்துச் சொல்வது சோதனை ஒன்றே. இந்தப் பிழை இல்லையென்றால் வேறு பிழை இருக்கலாம். 2007இல் ஜப்பானியர் நுரையீரல் புற்றில் ஏ.எல்.கே. என்ற பிழையைக் கண்டனர். 2011இல் அமெரிக்காவில் அதற்கும் மருந்து வந்துவிட்டது.

முற்றிய நோயை இம்மாத்திரைகள் வேரோடு அழிப்பதில்லை. புற்று மாற்றுவழி தேடும். மருந்துக்கு மசியாமல் நிற்கும். அப்படி நின்றதை அடக்கவே 2015இல் ஓசிமெர்ட்டினிப் வந்தது. அதை முதலிலேயே கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில், நோயாளிகளில் பாதிப்பேர் 38 மாதங்களுக்குமேல் உயிரோடிருந்தனர். நாள் எண்ணிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மூன்றாண்டு! மகன் படிப்பை முடிக்க, மகள் மணமேடை ஏற, அந்த மூன்றாண்டு போதுமே!

ஆனால் அந்த மூன்றாண்டு யாருக்கு? பணப்பெட்டி உள்ளவருக்கு மட்டுமா? 2024 ஜூலையில் டில்லி சர்க்கார் ஓசிமெர்ட்டினிப்புக்குச் சுங்கவரியை நீக்கியது. செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் வரியை 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைக்க முடிவு செய்தது. வரவேற்கிறோம். எனினும் வரி கூழாங்கல், விலையோ மலை! கூழாங்கல்லை அகற்றிவிட்டு, "வழி திறந்தது, வா" என்று நாட்கூலிக்காரனை அழைப்பதா?

பழைய மாத்திரையான கெஃபிட்டினிப்பை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. அதே வகையைச் சேர்ந்த எர்லோட்டினிப்பை 2019இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கெஃபிட்டினிப்பை அதற்கு மாற்றாக ஏற்றது. அத்தியாவசியம் என்றால் ஆடம்பரமல்ல. அரிசியைப் போல, அனைவருக்கும் வேண்டியது. ஆனால் சோதனை செய்யாதவனுக்கு மாத்திரை மலிவானாலென்ன, மலையானாலென்ன? ஆகவே நாம் கேட்பது இரண்டு. நுரையீரல் புற்று என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் அனைத்திலும் கட்டணமின்றி மரபணுச் சோதனை! பிழை கண்டால் அதற்குரிய மாத்திரை, சர்க்கார் செலவில்!

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. விடாத இருமலா, சளியில் இரத்தமா, டி.பி. மருந்து தின்றும் தீரவில்லையா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். புற்று என்று சொன்னால், "மரபணுச் சோதனை ஆயிற்றா?" என்று பணிவோடு, ஆனால் விடாமல், கேளுங்கள். உங்கள் கையிலுள்ள பீடியையும் அன்றே எறியுங்கள்.

ஏட்டின் எழுத்து சிலருக்கே சொந்தம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பூட்டை உடைத்தோம். உயிரணுவின் எழுத்தைப் படித்துப் பிழைக்கும் உரிமையும் சிலருக்கே என்று இன்னொரு பூட்டு போட விடுவோமா? விடமாட்டோம்!