ஜாக்கி ஆயில் ஜாக்கிக்கு ஆகாது

அமெரிக்காவில் ஆர்வி என்னும் வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. டப்பாவில் ஹைட்ராலிக் என்று அச்சடித்திருந்தால் போதும், வண்டியைச் சமன்படுத்தும் ஜாக்கிகளுக்கு அதை ஊற்றலாமாம். ஊற்றியதும் ஜாக்கி இறங்கிவிடுகிறது. அப்புறம் என்ன ஆராய்ச்சி என்கிறார்கள். அன்றைக்கு இறங்கியதை வைத்து எண்ணெய் சரி என்று முடிவு கட்டுவதுதான் கோளாறே.

பெரிய மோட்டார் ஹோம் பத்து டன்னைத் தாண்டும். சாய்ந்து நின்றால் தூக்கம் மட்டுமா கெடும்? அமோனியாக் கரைசல் தன் எடையால் வழிந்தோடி இயங்கும் வகை ஃபிரிட்ஜும் பழுதாகும். அந்த எடையைத் தாங்கும் ஏற்பாடோ மிக எளியது: 12 வோல்ட் மோட்டார், சிறு பம்ப், வால்வுகள், சில லிட்டர் எண்ணெய். அழுத்தத்தைக் கடத்துவதும் பம்பைத் தேயாமல் காப்பதும் அந்த எண்ணெய்தான். ரப்பர் சீல்கள் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கிடப்பதும் அதில்தான்.

பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. டாட் 3, டாட் 4 என்று விற்பவை கிளைகால் வகைத் திரவங்கள். பெட்ரோலிய எண்ணெயே அல்ல. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஹைட்ராலிக் ஜாக்கிகளில் பெரும்பாலும் இருக்கும் நைட்ரைல் சீலை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். இந்த ஜாக்கிகளைத் தயாரிக்கும் ஹெச்டபிள்யூஹெச் நிறுவனத்தின் கையேடு பிரேக் ஆயிலோடு, கடையில் ஜாக்கி ஆயில் என்றே விற்பதையும் சேர்த்துத் தடுக்கிறது. தன் எண்ணெயைத்தான் கேட்கிறது. அவசரத்துக்கு டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஒப்புக்கொள்கிறது.

"தன் சரக்கை விற்கக் கம்பெனி செய்யும் தந்திரம்" என்பார்கள். அந்தச் சந்தேகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்னொரு தயாரிப்பாளரான லிப்பர்ட் நிறுவனம் பரிந்துரைத்து வந்ததே எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் டெக்ஸ்ரான் 3 வகை ஆயிலைத்தானே? கியர்பெட்டிக்குச் செய்தது ஜாக்கிக்கு எப்படிப் பொருந்துகிறது? குளிரிலும் இளகி ஓடும், தேய்மானத்தைத் தடுக்கும், நைட்ரைலைக் கெடுக்காது.

அதற்காகச் சிவப்பாக இருப்பதையெல்லாம் வாங்கிவிடக் கூடாது. இந்த ஆயிலின் சிவப்பு வெறும் சாயம். டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. பின்வந்த டெக்ஸ்ரான் 6 அதைவிட நீர்த்தது. பழைய பெயரோடு இன்று விற்பதற்கு டப்பாவை நிரப்பியவரே பொறுப்பு. ஆகவே வண்டியின் கையேடு கேட்கும் தரத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் ஊற்றியதை அல்ல.

அவர் சொல்வார்: "எதையோ ஊற்றினேன், பல வருஷமா ஓடுது." அரிசோனா வெயிலில் ஓடும். ஊற்றியது கெட்டி எண்ணெயாக இருந்தால், அதோடு மொன்டானாவின் உறைபனிக்குப் போகட்டும். ஸ்பிரிங் இழுத்து மேலேறும் ஜாக்கிகளில், எண்ணெயை டேங்குக்குத் திருப்பித் தள்ள ஸ்பிரிங்குக்கு வலு போதாது. ஜாக்கி பாதியில் தொங்கும். கவனிக்காமல் வண்டியை எடுத்தால் வளைவது ஜாக்கிதான்.

அளவு குறைந்தால் நிரப்பு என்பது இதே அலட்சியத்தின் மறுபாதி. மூடிய சுற்றில் எண்ணெய் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. அளவையும் ஜாக்கிகளை முழுக்க மடக்கிவிட்டே பார்க்க வேண்டும். இறக்கி வைத்தபடி நிரப்பினால், மடக்கும்போது திரும்பி வரும் எண்ணெய் டேங்கைத் தாண்டி வழியும். அப்போது மட்டும் எண்ணெய் சரியில்லை என்பார்கள்.