முளையிலேயே தரம் பிரிக்கலாமா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் இளைஞர் அணியினர் ஒரு யோசனை சொன்னார்கள். தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரங்களில் கிரிக்கெட் ஆடும் நம் தமிழ்ப் பிள்ளைகளில் "நாளைய நட்சத்திரங்கள் பத்துப் பேர்" என்று ஒன்று முதல் பத்து வரை வரிசை போட்டு ஆண்டு மலரில் வெளியிட வேண்டும் என்பதே அது. சங்கப் போட்டிகளில் பல வருடங்களாக ஸ்கோர் எழுதுகிறவன், அம்பயராக நிற்கிறவன் என்பதால் பட்டியல் தயாரிக்கும் பொறுப்புக்கு என் பெயரைச் சொன்னார்கள். அவர்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இந்தக் காரியத்துக்கு என் மனம் ஒப்பவில்லை. காரணத்தை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

இளைஞர்களின் உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், நம் தாராவியில் வளர்ந்த சிம்ரன் ஷேக்கை குஜராத் அணி ரூ. 1.90 கோடிக்கு எடுத்தது. அவருக்குக் குறித்திருந்த அடிப்படை விலை ரூ. 10 லட்சம். அதே ஏலத்தில், மதுரையிலிருந்து வந்த 16 வயதுப் பெண் கமலினியை நம் மும்பை அணி ரூ. 1.60 கோடிக்கு எடுத்தது. அன்று எங்கள் வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. மறுநாளே "அடுத்தது யார்?" என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஏலம் முடிந்தால் வரிசைப் பட்டியல் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கம் அமெரிக்காவில் இன்னும் பெரிது. நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என் பேரன் பேஸ்பால் பற்றி எனக்குப் பாடம் நடத்தினான். அங்கே ஏலம் கிடையாது. 1965 முதல் டிராஃப்ட் என்ற முறை இருக்கிறது. பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். தேர்வான பையன் நேரே பெரிய அணிக்குப் போய்விட மாட்டான். கீழ்நிலை லீக்குகளில் படிப்படியாக ஏறி, பல வருடம் ஆடிய பிறகே மேலே வர முடியும். டிராஃப்ட் முடிந்தவுடன், எந்த அணியிடம் எந்தப் பையன் இருக்கிறான், யார் முதல், யார் முப்பதாவது என்று பத்திரிகைகள் வரிசை போட்டுவிடும்.

"இந்த வரிசை பலிக்குமா?" என்று பேரனைக் கேட்டேன். அவன் இரண்டு பெயர்கள் சொன்னான். 1991-ல் நாட்டிலேயே முதல் ஆளாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லருக்குத் தோளில் காயம் பட்டது. பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுக்கப்பட்ட மைக் பியாட்சா 2016-ல் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். முழுநேரமும் இதே தொழிலாக இருக்கும் நிபுணர்கள் போடும் கணக்கே இப்படி. ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் எழுதும் நான் எந்த மூலை!

அமெரிக்கா வரை போவானேன்? நம் ஊரிலேயே நடந்ததைப் பார்ப்போம். 1988 பிப்ரவரியில், ஆசாத் மைதானத்தில், ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதியில் சாரதாஸ்ரமம் பள்ளிப் பையன்கள் இருவர் சேர்ந்து 664 ரன் எடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். காம்ப்ளி 349, டெண்டுல்கர் 326, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. அன்று மாலை நம் மலருக்குப் பட்டியல் போட்டிருந்தால் முதலிடம் யாருக்கு? ரன் கணக்குப்படி காம்ப்ளிக்குத்தான். அவர் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. டெஸ்ட் சராசரி 54. ஆனாலும் 17 டெஸ்டுகளுடன் 23 வயதிலேயே அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. இரண்டாம் இடத்துப் பையன் 200 டெஸ்ட் ஆடினார்.

அடுத்து ஆட வேண்டியவராகக் காலில் பேடு கட்டிக்கொண்டு அன்று காத்திருந்த பையன் ஒருவர் உண்டு. அமோல் முசும்தார். ரஞ்சியில் முதல் ஆட்டத்திலேயே 260 ரன் எடுத்து, அடுத்த டெண்டுல்கர் என்று பெயர் வாங்கினார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ரன்களுக்கு மேல் எடுத்தும் இந்திய அணியில் ஒரு நாளும் இடம் கிடைக்கவில்லை. கதை முடிந்தது என்று நாம் நினைத்தோம். 2025 நவம்பர் 2-ஆம் தேதி, நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அதே முசும்தார்தான். 1988-ல் எந்தப் பட்டியலில் இதற்கு இடம் இருந்திருக்கும்?

2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது, 19 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை வென்று வந்த பையன்களுக்கு ஏலம் வைக்கவில்லை. அமெரிக்கா போல் டிராஃப்ட்தான் வைத்தார்கள். டில்லி அணி தன் முறை வந்தபோது வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. டில்லிப் பையனான விராட் கோலி பெங்களூருக்குப் போனார். டில்லிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் மட்டையாளர்கள் நிறைய இருந்தார்கள், பந்து வீசுகிறவர் தேவைப்பட்டார். நாளைய ஆட்டத்துக்கு யார் வேண்டும் என்று பார்ப்பது ஒரு கணக்கு. பத்து வருடம் கழித்து யார் என்னவாவார் என்பது வேறு கணக்கு. முதல் கணக்கைப் போடாமல் அணி நடத்த முடியாது. இரண்டாவது கணக்கைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மேல் போடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

தமிழ்நாட்டிலும் இதே பாடம்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், ரஞ்சி ஆட வந்த புதிதில் பந்துவீச்சு முறை சரியில்லை என்ற புகாரால் ஒதுங்க வேண்டி வந்தது. முறையைத் திருத்திக்கொண்டு வந்தார். 2017 ஏலத்தில் பஞ்சாப் ரூ. 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். மறுபக்கம், 2013-ல் ஹாரிஸ் ஷீல்டில் 546 ரன் எடுத்த நம் பிருத்வி ஷா, 2018-ல் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 2024 நவம்பர் ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25.

சிம்ரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் உத்தரப் பிரதேச அணியில் ஆடினார், ரன் வரவில்லை. 2024 போட்டியில் எந்த அணியிலும் இல்லை. அந்த வருடம் நாம் பட்டியல் போட்டிருந்தால், இப்போது நாம் கொண்டாடும் அதே பெண்ணை விட்டிருப்போம்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார். பழமொழி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் முளைப்பதில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில், வயதுக் கெடுவுக்கு ஒரு நாள் உள்ளே பிறந்தவனும் பதினோரு மாதம் பின்னால் பிறந்தவனும் சேர்ந்தே ஆடுகிறார்கள். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது உயரத்திலும் தோள் பலத்திலும் பெரிய வித்தியாசம். முதலில் மீசை முளைத்த பையன் வேகமாக வீசுவான். அதைத் திறமை என்று எழுதிவிடுகிறோம்.

நான் டிப்ளமா முடித்து மாதுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். பெட்டிகள் பி.ஓ.எச். என்னும் முழுப் பராமரிப்புக்கு வரும்போதெல்லாம் ஆக்ஸிலை அல்ட்ராசானிக் கருவி வைத்துச் சோதிப்போம். போன முறை நன்றாக இருந்தது என்பதற்காகச் சோதிக்காமல் அனுப்புவதில்லை. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே விரிசல் இருக்கலாம். வளராத இரும்புக்கே ஒரு சான்றிதழ் அடுத்த சோதனை வரைதான் செல்லும். தினமும் வளரும் பிள்ளைக்கு நிரந்தரமாக ஒரு எண் கொடுக்க நாம் யார்?

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். பட்டுத் தெரிந்துகொண்டேன். 1990-களில் மாதுங்காவில் ஞாயிறு காலைகளில் பன்னிரண்டு பையன்களை வைத்துப் பயிற்சி நடத்தி வந்தேன். ஒரு மழைக்காலத்துக்கு முன், அவர்களுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசை எழுதி, சார்ட் காகிதத்தில் ஒட்டினேன். பன்னிரண்டாவதாக எழுதிய பையன் தாராவியிலிருந்து நடந்தே வருவான். மழை முடிந்து பயிற்சி தொடங்கியபோது அவன் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

பல வருடம் கழித்து செம்பூர் ஸ்டேஷனில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். அவன்தான். நல்ல வேலையில் இருக்கிறார், சந்தோஷமாகப் பேசினார். கிளம்பும்போது, "சார், நீங்க என் பேரைக் கடைசியில எழுதினீங்கல்ல, எங்கப்பா அதை வந்து பார்த்தாரு. பேட்டை வித்துட்டு ட்யூஷனுக்குப் போடான்னுட்டாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையில் முதலாவதாக எழுதிய பையன் கிரிக்கெட்டே போதும் என்று பத்தாவது பரீட்சையைக் கோட்டை விட்டான். கிரிக்கெட்டிலும் மேலே போகவில்லை. ஒரே காகிதம், இரண்டு வீட்டில் கெடுதல் செய்தது. இரண்டு தகப்பனாரும் என் எழுத்தை நம்பினார்கள். அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

பரிசும் பாராட்டும் இல்லாமல் பிள்ளைகள் எப்படி முன்னேறுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் இந்த நகரத்தில் ஏணி இருந்தது. பள்ளிக்கு ஜைல்ஸ், ஹாரிஸ் ஷீல்டுகள், மழைக்காலத்தில் 1948 முதல் நடக்கும் காங்கா லீக், கம்பெனிகளுக்கு டைம்ஸ் ஷீல்டு, பிறகு ரஞ்சி. ரயில்வேயிலோ பாங்கிலோ விளையாட்டுக் கோட்டாவில் வேலையும் கிடைத்தது. மேலே போக முடியாதவனும் மாதச் சம்பளத்தோடு ஆடிக்கொண்டிருந்தான். அந்த வேலைகள் இன்று குறைந்துவிட்டன. ஏணியில் படிகள் குறைந்த நேரத்தில், நாம் பிள்ளைகளுக்கு எண் கொடுப்பதைவிடப் படி கொடுப்பது நல்லது.

ஆகவே செயற்குழுவுக்கு என் பணிவான யோசனைகள் இவை. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வரிசை எண் வேண்டாம். ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அகர வரிசையில் போட்டு, இந்த வருடம் அவர்கள் என்ன செய்தார்கள், என்ன புதிதாகக் கற்றார்கள் என்று இரண்டு வரி எழுதுவோம். அடுத்த வருடமும் அதே பிள்ளைகளைப் பற்றி எழுதுவோம். மலருக்கு வரும் விளம்பரப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஷூவும் ரயில் சீசன் டிக்கெட்டும் வாங்கிக் கொடுப்போம். உதவி பெறும் பிள்ளை பத்தாவது வரை பள்ளியை விடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனையாக இருக்கட்டும். பயிற்சிக்கு வராமல் நின்றுபோகும் பிள்ளையின் வீட்டுக்கு நம்மில் ஒருவர் போய் விசாரிக்க வேண்டும். அன்று நான் செய்யத் தவறியது அதைத்தான்.

இந்த நோட்டுப் புத்தகத்தை எழுதும் வேலையை எனக்குக் கொடுங்கள், மகிழ்ச்சியோடு செய்கிறேன். வரிசைப் பட்டியல்தான் வேண்டும் என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது பெயரை எழுதும் முன், அந்தப் பிள்ளையின் தகப்பனார் அதை எப்படிப் படிப்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.