கடவுச்சீட்டின்றி வரும் மாசு வளி

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. சீரற்ற காலநிலையுடன் வளி மாசும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. வங்கக் கடலில் உருவாகிய மாண்டஸ் சூறாவளி, இந்தியப் பெருநிலப்பரப்பின் மேல் தேங்கிக் கிடந்த மாசு வளியை எமது பக்கம் இழுத்து வந்துவிட்டதாக அன்று விளக்கமளிக்கப்பட்டது.

அவ்விளக்கம் சரியானதே. குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியின் மேல் குளிர்ந்த வளி படிந்து நிற்க, வடக்கே இமயமலை அதனைத் தடுத்து நிற்கின்றது. அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் வைக்கோல், செங்கற் சூளைகள், அனல் மின் நிலையங்கள், வாகனங்கள் ஆகியவற்றின் புகை மேலெழ வழியின்றி அதனுள் அடைபடுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று அதனைக் கடலுக்கு மேலாகத் தெற்கே தள்ளிச் செல்கின்றது. 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு பல நாட்டு விஞ்ஞானிகள் நடத்திய ஆய்வு, இந்து சமுத்திரத்தின் மேல் இவ்வாறு பரவும் பழுப்புப் படலத்தை உலகறியச் செய்தது.

அதற்கு முந்திய ஆண்டே, எல்லை கடக்கும் வளி மாசைத் தடுப்பதற்கெனத் தெற்காசிய நாடுகள் மாலே பிரகடனத்தை ஏற்றிருந்தன. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆயினும் அது எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று. தென்கிழக்காசிய நாடுகள் காட்டுத் தீப் புகை தொடர்பில் 2002இல் உடன்படிக்கையே செய்துகொண்டன. புகையின் பிறப்பிடமான இந்தோனேசியா அதனை ஏற்று உறுதிப்படுத்த 2014 வரை சென்றது என்பது வேறு கதை. எமது பிராந்தியத்திலோ பேசுவதற்கான மேடையே முடங்கிப் போனது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடைபெறவிருந்த சார்க் உச்சிமாநாடு கைவிடப்பட்டதை வாசகர்கள் அறிவர். இந்தியா, பாகிஸ்தான் பகைமைக்கான விலையை மூச்சுக்காற்றிலும் நாம் செலுத்த வேண்டியுள்ளது.

எனினும், அயலவரைச் சுட்டிக்காட்டி எமது அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்வதை ஏற்க முடியாது. பாடசாலை வாயிலில் கரும்புகை கக்கியபடி நிற்கும் பேருந்தை எந்தச் சூறாவளியும் கொண்டுவரவில்லை. வீதியோரத்தில் எரியும் பொலித்தீன் குப்பையும், விறகடுப்புப் புகையில் நாள்தோறும் இருமும் தாய்மாரும் எமது பொறுப்பே. 2.5 மைக்ரோனுக்கு உட்பட்ட நுண்துணிக்கைகளுக்கு, ஒரு கனமீற்றர் வளியில் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் என்ற எல்லையை இலங்கை 2008இல் வகுத்தது. 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் தனது வழிகாட்டல் அளவை 15 ஆகக் குறைத்தது. மாலே பிரகடனத்துக்கு உயிரூட்டுமாறு புதுடில்லியிடம் கோரச் செல்லும் அரசாங்கம், வாகனப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் பெற்ற பேருந்துகள் எவ்வாறு கரும்புகை கக்குகின்றன என்பதை முதலில் விசாரிக்கட்டும்.