புதிய பதிப்பு எப்ப வரும் என்று கேட்பவர்களுக்கு

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் பைதன் படிப்பிக்கிறோம். முதல் வரியிலேயே யாரோ எழுதிய ஒரு நூலகத்தை இம்போர்ட் செய்யச் சொல்கிறோம். (இது புத்தகம் அடுக்கிய நூலகமல்ல. ஒருவர் எழுதி வைத்த நிரல்களை மற்றவர்களும் எடுத்துப் பாவிக்கும் ஏற்பாடு.) அந்த நூலகம் இன்னும் நாலு நூலகங்களில் தங்கியிருக்கும். அவற்றை யார் பராமரிக்கிறார்கள், எப்படி வெளியிடுகிறார்கள் என்பதையும் வகுப்பில் பேச வேண்டும் என்பதே எமது கருத்து.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் கதையைப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். லாஸே கொலின் என்ற ஒருவர் சம்பளமில்லாமல் வருடக்கணக்காகப் பராமரித்தார். 2022இல் சிலர் புதிய பதிப்பு ஏன் தாமதம், பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவரை நெருக்கினார்கள். உதவிக்கு வந்த ‘ஜியா டான்’ என்ற பெயர்க்காரர் மெல்ல மெல்ல வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024 பெப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் கள்ளக் கதவு இருந்தது. எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் அதைத் திறக்கும் வரிகள் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும்தான் இருந்தன! தூரத்துக் கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச்சைத்தான் அது குறிவைத்தது. எஸ்எஸ்எச் நேரடியாக இந்த நூலகத்தில் தங்கியிருக்கவில்லை. சில லினக்ஸ் வகைகளில் இன்னொரு நூலகம் வழியாக வந்து சேர்ந்தது. உள்நுழைய அரை வினாடி கூடுதலாகப் போகிறதே என்று துருவிப் பார்த்த அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட், மார்ச் 29இல் விடயத்தை வெளியே சொன்னார்.

அப்படியென்றால் இற்றைப்படுத்தாமல் இருப்பது நல்லதா? டெபியனின் நிலையான பதிப்பை வைத்திருந்தவர்கள் அன்று தப்பியது உண்மை. ஆனால் 2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜேயில் ஓட்டை வெளிப்பட்டபோது பழைய பதிப்போடு இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். அதைத் திருத்த வந்த 2.15.0 போதாமல் 2.16.0, பிறகு 2.17.0 என்று ஒரே மாதத்தில் ஓட வேண்டியிருந்தது.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதும் சரியில்லை, தொடாமல் விடுவதும் சரியில்லை. ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றக் குறிப்பை வாசித்து, சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். சலிப்பான வேலைதான். அதைச் செய்பவரிடம் “எப்ப வரும்?” என்று கேட்கும் பிள்ளையிடம், ஒரு சோதனையாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.