பலகை மாறட்டும், பதிவேடு போகவேண்டாம்

கீன் பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் லமோன்ட் ரெபோலெட் அவர்களுக்கு,

ஜெர்சி சிட்டியில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். நியூ ஜெர்சி சிட்டி பல்கலைக்கழகம் கீனோடு இணைவது என்று 2025 மார்ச்சில் முடிவானபோது நிம்மதியாகத்தான் இருந்தது. 2022-இல் நிதி நெருக்கடியை அறிவித்த நிறுவனம், கதவைச் சாத்தாமல் தப்பியதே பெரிது. வளாகம் இனி 'கீன் ஜெர்சி சிட்டி' ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். அதன் முந்தைய வரலாறு ஏதோ ஓர் அலமாரியில் முடங்கிவிடுமோ என்பதே என் கவலை.

1929-இல் ஹெப்பர்ன் ஹால் என்ற ஒற்றைக் கட்டடத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது அது. 1935-இல் ஆசிரியர் கல்லூரி, 1958-இல் ஜெர்சி சிட்டி ஸ்டேட் காலேஜ், 1998-இல் பல்கலைக்கழகம். ஒவ்வொரு பெயரிலும் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊர்ப் பள்ளிகளில் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியையின் பட்டத்தில் ஸ்டேட் காலேஜின் முத்திரை இருக்கும். அவர் மதிப்பெண் சான்று கேட்டு வந்தால், எந்தக் கவுன்ட்டருக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் அலையக்கூடாது.

அதே 1929-இல் எங்கள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியும், பிறகு வந்த தமிழ்க் கல்லூரியும் அதில் கலந்தன. அந்தத் தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், சங்க நூல்களைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர். இன்று எத்தனை மாணவருக்கு இது தெரியும்? 2013-இல் அண்ணாமலையும் பணமுடையில் சிக்கி அரசின் கைக்குப் போனது. கல்லூரிகள் கைமாறுவதும் கலப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. கலந்தபின் மறந்துபோவதுதான் வலிக்கிறது.

கீனும் 1855-இல் நியூவார்க் நார்மல் ஸ்கூல் என்ற ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகப் பிறந்ததுதானே? 1958-இல் யூனியன் என்ற ஊருக்கு இடம் மாறியது, 1973-இல்தான் கீன் என்ற பெயர் வந்தது. ஆனாலும் வயதை 1855-இலிருந்தே எண்ணுகிறீர்கள், அதுதான் முறை. அந்த உரிமையை ஜெர்சி சிட்டிக்கும் தாருங்கள். பழைய மாணவர் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், படங்கள் எல்லாவற்றையும் யூனியனுக்கு மூட்டை கட்டாமல் இந்த ஊரிலேயே ஒரு காப்பகமாக வையுங்கள். அதற்கென ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துங்கள். ஹெப்பர்ன் ஹாலிலேயே ஓர் அறை ஒதுக்கினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஜெர்சி சிட்டித் தமிழன்