ஆறுதலாகச் செல்லும் ஈழ யாத்திரை

நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலையை நோக்கிய அடுக்ககம் ஒன்றில் வாழும் முதிய தம்பதியர் இருவர், சில மாதங்களாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் ஈழத்துச் சிவத்தலங்களுக்கான பயணத்தை எழுதியும் அடித்தும் வருகின்றனர். அவருக்கு வயது எழுபத்து நான்கு. அம்மையாருக்கு எழுபது, வலது முழங்காலில் தேய்மானம்.

வெளிநாட்டிலுள்ள மகன் முதலில் ஒரு பயண ஏற்பாட்டாளரின் திட்டத்தை அனுப்பிவைத்தார். ஆறு நாள்களில் பஞ்ச ஈச்சரங்கள் ஐந்தும், போதாததற்குக் கதிர்காமமும். நகுலேச்சரம் வடமுனையில், தொண்டேச்சரம் தென்முனையில். இடையில் மேற்கே கேதீச்சரமும் முன்னேச்சரமும், கிழக்கே கோணேச்சரம். பெரும்பொழுது வண்டியிலேயே கழியும் என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. “இத்தனையும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தால், எந்தச் சந்நிதியில் என்ன வேண்டிக்கொண்டோம் என்பதே எனக்கு நினைவிராது” என்றார் அம்மையார். அவரோ ஐந்தில் ஒன்று குறைந்தாலும் யாத்திரை நிறைவுறாது என்ற எண்ணத்தில் இருந்தார். இரண்டு வாரங்கள் இதிலேயே கழிந்தன.

அம்மையாரின் தாயார் திங்கட்கிழமைதோறும் திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை ஓதியவர். அத்தலத்தைக் காணாமலேயே சிவபதம் அடைந்தவர். ஆகவே திருகோணமலையில் மூன்று காலைப் பொழுதுகளேனும் தங்க வேண்டும் என்பது மகளின் ஒரே விருப்பம். சம்பந்தப் பெருமானும் கடல் கடந்து சென்றவர் அல்லர். இராமேசுவரத்தில் எழுந்தருளியிருந்தபோதே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்கிறது பெரியபுராணம். சுந்தரரின் கேதீச்சரப் பதிகமும் அக்கரையிலிருந்தே பாடப்பெற்றது. இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் கணவர் எண்ணிக்கையை விட்டுக்கொடுத்தார். ஞானக்குழந்தையே இக்கரையிலிருந்து பாடியிருக்க, தென்முனைத் தலத்தை நினைத்து வணங்குவதில் என்ன குறை?

தொண்டேச்சரத்தை விட்டதில் அவருக்கு இன்னும் சிறிது வருத்தம்தான். தேனாவரை என்று புகழ்பெற்ற அக்கோயில் வளாகத்தைப் போர்த்துக்கீசியர் 1588ஆம் ஆண்டில் அழித்தனர். இன்று அங்கிருப்பது விஷ்ணு தேவாலயம். சீனக் கடற்தளபதி செங் ஹோ தேனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைத் தமிழிலும் பொறித்த கல்வெட்டு, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911இல் காலி நகரில் கிடைத்த அக்கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைக் கண்டு வருவதென்று சமாதானம் ஆயிற்று.

காலம் மாசி மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் முற்றியிராது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே விமானம் உண்டு. மகா சிவராத்திரியைக் கீரிமலை நகுலேச்சரத்தில் கழித்து, மறுநாள் அமாவாசையில் கடலோரத் தீர்த்தக் கேணியில் தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்வது அவருடைய சங்கல்பம். கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறும் அக்கேணியில் பெண்கள் நீராடத் தனி இடம் உண்டு. படிகள் வழுக்கும், கைப்பிடிக்க ஒருவர் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்கள் மேலாடையின்றியே உட்செல்ல வேண்டும் என்பதால் நல்ல மேல்துண்டுகள் இரண்டு பட்டியலில் ஏறின.

சிவராத்திரிக் கூட்டம் கலைந்தபின் மாதோட்டம். பாலாவிக் கரையில் அழிந்துகிடந்த கேதீச்சரத்தை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர்.

மன்னாரிலிருந்து திருகோணமலைக்கான பாதையே மிக நீண்டது. நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. வவுனியாவில் இறங்கி இளைப்பாறியே செல்ல வேண்டும். மற்ற நாள்களில் விடியலில் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் அறை சேர்ந்துவிடுவது. ஓரிடம் போன மறுநாள் வண்டி ஏறுவதில்லை என்று இயன்றவரை விதி. தமிழ் பேசும் ஓட்டுநர் கட்டாயம்.

கோணேச்சரம் கோட்டைக்குள், கடலை நோக்கி நிற்கும் சுவாமி மலையின் மேல் உள்ளது. வழியில் மான்கள் அச்சமின்றி உலவும். 1622இல் போர்த்துக்கீசியர் இடித்த அக்கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். இடையில் கழிந்த முந்நூற்று நாற்பத்தொரு ஆண்டுகளிலும் பதிகம் மட்டும் இடையறாது ஒலித்தது. மாதுமை அம்மையின் சந்நிதியில் அதை ஓதுவதற்காகவே தாயாரின் பழைய தேவாரப் புத்தகம் பெட்டியில் முதலில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் நாள் மாலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும்.

அங்கிருந்து மட்டக்களப்புக்குக் கடலோரச் சாலை. முன்பு படகுத்துறைகளில் காத்திருந்தே கடக்க வேண்டிய கழிமுகங்களின் மேல் இப்போது பாலங்கள் உள்ளன. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அமிர்தகழி மாமாங்கேசுவரர் தரிசனத்துடன் கடற்கரைப் பயணம் முடிகிறது. திரும்பும் வழியில் பொலன்னறுவையில் சோழர் காலக் கற்றளியான வானவன்மாதேவி ஈச்சரம், பின்னர் சிங்கள அன்பர்களும் திரளாக வணங்கும் முன்னேச்சரம், கொழும்பு. மொத்தம் பன்னிரண்டு இரவுகள்.

யாழ்ப்பாணத் தமிழில் “ஆறுதலாக வாருங்கள்” என்றால் அவசரமின்றி வாருங்கள் என்று பொருள். தொலைபேசியில் தங்குமிடத்தார் அவ்வாறு சொன்னபோது, ஏதோ துக்கம் விசாரிக்கிறார்கள் போலும் என்று அம்மையார் திகைத்துவிட்டார். விளங்கியபின் அச்சொல்லையே நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைத்தார்.

வரும் கிருத்திகையில் திருப்போரூர் முருகனிடம் விடைபெற்றுக்கொள்வதாக உள்ளனர். அதுவரை மருத்துவரின் அனுமதியுடன், மாலைதோறும் மின்தூக்கியைத் தவிர்த்து இரண்டு தளங்களை மெல்ல ஏறி இறங்குகின்றனர். நடுவில் ஒரு முறை உட்கார்ந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு.